முள் இறங்கிய புதன்கிழமை

"எனக்கு வெறும் இரைச்சல்தாங்க கேக்குது" என்றேன்.

"அதுக்குள்ள எத்தனை சத்தம் இருக்குன்னு எண்ணுங்க சார்" என்றாள் சகாயராணி.

"எண்ண முடியலையே."

"அப்ப நோட்டை மூடுங்க."

மூடினேன். அதன் பிறகும் இரைச்சல்தான் கேட்டது. அவள் சிரித்துவிட்டு மறுபடி மில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது ஒரு கிராஃபைட் ஆலை. பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கரி. சிவகங்கைப் பக்கம் மண்ணுக்கடியில் கல்லோடு கல்லாகக் கலந்து கிடக்கும். அந்தக் கல்லை உடைத்து, தண்ணீரோடு மில்லில் விட்டு அரைத்தால் கரி வேறு, கல் வேறு என்று விட்டுப்போகும்.

மில் என்பது படுத்த வாக்கில் சுற்றும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இரும்புக் குண்டுகள். பீப்பாய் சுற்றும்போது குண்டுகள் ஒரு பக்கச் சுவரோடு மேலே ஏறும். உச்சிக்குப் போகும் முன்பே சரிந்து கல்லின்மேல் விழும். அவ்வளவுதான். இதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்து எண்பத்தாறு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

நான் பயிற்சி இன்ஜினியர். சகாயராணி மில் ஆபரேட்டர். என்னைவிட மூன்று வயது சின்னவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவளுடைய அப்பா இறந்தபோது அவர் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் என்னை சார் என்று கூப்பிட்டாள். நான் அவளிடம் பாடம் கேட்டேன். அதில் எங்கள் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம் இருந்தது.

மற்றவர்களுக்குக் கூச்சம் இல்லை. எனக்கு நோட்டு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பயிற்சி ஆறு மாதம். கடைசியில் ஒரு நேர்காணல். தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார்.

"போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லைப்பா."

"சரி, சாப்பிடு."

அவ்வளவுதான் பேசுவார்.

•

இப்போது நான் வேலை செய்யும் வேறொரு ஆலையில் எனக்கும் மில்லுக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறது. மில் ஓரத்தில் ஒரு மைக் வைத்திருக்கிறார்கள். அது கேட்டதைத் திரையில் ஒரு பச்சைக் கோடாக வரைகிறது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இங்கே யாருடைய கையும் வெள்ளியாக மின்னுவதில்லை.

அங்கே எல்லோருக்கும் மின்னும். கை, கழுத்து, காது மடல். டீக்கிளாஸில் விரல் பதிந்த இடம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என் தலையணை உறை சாம்பல் நிறத்தில் பளபளத்தது. கரியை நுரையில் மிதக்கவிடும் தொட்டிகளிலிருந்து பைன் எண்ணெய் வாசம் வந்துகொண்டே இருக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மில் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகிவிடும். அப்போதும் சகாயராணி இரண்டையும் பிரித்துக் கேட்பாள்.

அந்த வாசம் எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் நின்றுவிடுகிறேன்.

•

ஒரு நாள் கேட்டேன். "மில்லை இன்னும் வேகமாச் சுத்தவிட்டா சீக்கிரம் அரைஞ்சிடாதா?"

அவள் தன் தூக்குவாளியை எடுத்தாள். பாதி தண்ணீர் இருந்தது. மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"தள்ளி நில்லுங்க. இது சிந்துச்சுன்னா எனக்கு மத்தியானத்துக்குத் தண்ணி நீங்கதான் கொண்டாரணும்."

கையை நீட்டி வாளியைத் தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றினாள். ஒன்று, இரண்டு, ஐந்து சுற்று. வாளி தலைகீழாகப் போய்த் திரும்பியது.

"விழுந்துச்சா?"

"ஒரு சொட்டுகூட விழல."

"உள்ள குண்டும் இப்படித்தான் சுவத்தோட ஒட்டிக்கிட்டுச் சுத்தும். விழலைன்னா எதை சார் அரைக்கும்?"

மூடியைக் கேட்டுக் கை நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

இன்னொரு நாள் கேட்டேன். "மில் நல்லா ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

"கேளுங்க."

"சரியில்லைன்னா?"

"அதையும் கேளுங்க."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்களேன்."

"பசியா இருந்தா கத்தும். குண்டும் குண்டும் மோதி மணி அடிக்கிற மாதிரி கணீர்னு கேக்கும். அளவா இருந்தா பேசும்."

"அதிகமானா?"

அவள் மில்லைப் பார்த்தாள். "அதை நீங்க கேக்காம இருக்கணும்" என்றாள்.

நான்காம் மாதத்தில் ஒரு காலை எனக்கு அது கேட்டது. இரைச்சலுக்குள் குண்டுகள் சரியும் சத்தம் தனியாக, கூழாங்கல்லை யாரோ விடாமல் கொட்டுவதுபோல. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"நோட்டு சாருக்குக் காது திறந்திருச்சு" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். அன்று என் டீக்கு யாரும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

•

ஆறாம் மாதம், மழைக்காலம். கல் ஈரமாக, களிமண்ணோடு வந்துகொண்டிருந்தது. என் நேர்காணல் சனிக்கிழமை. இது நடந்தது அதற்கு முந்தைய புதன்கிழமை.

கீழே சேற்றுக் குழி அடைத்துக்கொண்டது. சகாயராணி மண்வெட்டியை எடுத்தாள்.

"பத்து நிமிசம். எதையும் தொடாதீங்க சார்."

போய்விட்டாள்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் உண்டு. மோட்டார் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று காட்டும். முள் எப்போதும் தொண்ணூற்றிரண்டில் நிற்கும். அன்று தொண்ணூறுக்கு வந்தது. பிறகு எண்பத்தேழு.

முள் இறங்கினால் பாரம் குறைவு. பாரம் குறைவென்றால் மில் பட்டினி. என் பொறுப்பில் இருக்கும் பத்து நிமிடத்தில் மில் பட்டினியாக ஓடியது என்று சனிக்கிழமை யாரும் சொல்லக் கூடாது.

கல் விழும் வழியில் ஒரு கதவு இருந்தது. அதன் சக்கரத்தை ஒரு சுற்றுத் திறந்தேன்.

முள் இன்னும் இறங்கியது.

இன்னும் இரண்டு சுற்றுத் திறந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது, கொஞ்ச நேரமாகவே எனக்கு மழைச் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மில் சுற்றியது. ஆனால் பேசவில்லை. மெத்தைக்குள் யாரோ உதைப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த நிமிடம் கல் உள்ளே போகும் வாய் வழியாகக் கருஞ்சேறு வெளியே வழியத் தொடங்கியது.

சகாயராணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முதலில் கதவை அடைத்தாள். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று அவள் கை எண்ணியிருக்கும். என்னைப் பார்க்கவில்லை.

நான் மோட்டாரை நிறுத்தும் பொத்தானுக்குக் கை நீட்டினேன்.

"நிறுத்தாதீங்க! நிறுத்தினா உள்ள இறுகிரும். கல்லைத்தான் நிறுத்தணும். தண்ணியை விடணும். மில் சுத்திக்கிட்டே இருக்கட்டும்."

தண்ணீரைத் திறந்துவிட்டாள். கணுக்கால் சேற்றில் நின்று காத்திருந்தோம்.

"முள் இறங்கிச்சே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இறங்கத்தான் செய்யும். அளவா இருக்கறப்ப பாரம் பூரா ஒரு பக்கமா ஏறி நிக்கும். அதைத் தூக்க மோட்டார் முக்கணும். வாய்வரைக்கும் அடைஞ்சா ரெண்டு பக்கமும் சமமாப் போயிரும். மோட்டாருக்குச் சுகம். முள்ளு இறங்கும்."

முள் ஏறிப் பிறகு இறங்கும் அந்த வளைகோட்டை நான் தேர்வுத்தாளில் வரைந்திருக்கிறேன். அதற்கும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. எண்பது. எண்பத்தைந்து. முள் மேலே ஏறத் தொடங்கியபோது பயந்துபோய் அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"ஏறட்டும் சார். இப்பத்தான் அரைக்குது."

•

மேனேஜர் தாவூத் சார் குடையோடு வந்து நின்றார். தரை முழுக்கச் சேறு.

"யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான் டூட்டி சார்" என்றாள் சகாயராணி. அது உண்மை.

"கல்லை யாரு அதிகமா விட்டது?"

"நான் கீழ சேறு அள்ளிக்கிட்டிருந்தேன் சார்." அதுவும் உண்மை.

அவர் என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன்.

அன்று மாலை அவளுக்கு மெமோ வந்தது. கதவு ஆபரேட்டரின் பொறுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால், அல்லது தந்த விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால், மில்லிலிருந்து எடுத்துச் சாக்கு நிரப்பும் பகுதிக்கு மாற்றப்படுவாள். மில் பக்கம்தான் தன் அப்பா நின்ற இடம் என்று அவள் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை எனக்கு ஒரு சிரமமும் இல்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தாவூத் சார் கொடுத்த வேலையெல்லாம் வாங்கிச் செய்தேன். யாரும் கொடுக்காத வேலையையும் செய்தேன். நேர்காணலுக்காக நோட்டு முழுவதையும் இரண்டு தடவை படித்தேன். அப்பா போனில் "என்னடா பேச்சையே காணோம்?" என்றார். "சிக்னல் இல்லைப்பா" என்றேன்.

சகாயராணியும் என்னை எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல "வாங்க சார்" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

•

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் என்னிடம் வந்தாள். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் ஒரு வெள்ளைத் தாள்.

"மெமோவுக்குப் பதில் எழுதித் தாங்க சார். இங்கிலீஷ்ல வேணுமாம்."

தாளை வாங்கினேன். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, நோட்டின்மேல் தாளை வைத்துக்கொண்டேன்.

"என்ன எழுத?"

"நடந்ததை எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். தேதி போட்டேன். பெறுநர் போட்டேன். அவள் பெயர் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

மழை இல்லை. மில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. முள் தொண்ணூற்றிரண்டில் இருந்தது.

சகாயராணி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். மில் பக்கம் இல்லை. என் பக்கம்.

"என்ன சார்" என்றாள். "சத்தத்தையே காணோம்?"

நான் நிமிரவில்லை.

அவள் என் தோளில் கனமாகத் தொங்கிய பையை எடுத்து ஓரமாக வைத்தாள். தூக்குவாளியைத் திறந்து, மூடியில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

குடித்தேன். இன்னொரு மூடி ஊற்றினாள். அதையும் குடித்தேன்.

பிறகு அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கீழே மூன்று வரி. எழுதியதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "எதையும் தொட வேண்டாம் என்று ஆபரேட்டர் என்னிடம் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தது நான். மூன்று சுற்று."

"மூணேகால்" என்றாள்.

திருத்தினேன்.

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா, பத்து மணிக்கு நேர்காணலுக்கு என்னை உள்ளேயே கூப்பிட மாட்டாங்க" என்றேன்.

"ஆமா சார்."

"சாயங்காலம் அப்பா கூப்பிடுவாரு."

"ஆமா."

"ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. இத்தனை நாள் இப்படி இல்லை."

சகாயராணி தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"முள்ளு ஏறுதுல்ல" என்றாள்.