மூட முடியாத படம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் குழந்தைவேலு என்றொரு மேலாளர். ஒருநாள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் குரூப்ல யார் லிங்க் போட்டாலும் கீழே ஃபைலோட படம் விரியுது. அந்தக் கூட்டத்துல நான் போடறது யார் கண்ணுலயும் படறதில்லை. இனி என் லிங்குக்கு மட்டும்தான் விரியணும். அதை யாரும் மூடவோ அழிக்கவோ முடியக் கூடாது!"

"உங்களாலயும் கூடாதுங்களா சார்?"

"நான் எதுக்கும்மா மூடப்போறேன்?"

அப்படியே செய்தாள். படம் தெரியாமல் டிசைன்காரர்கள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து தேடித் தவித்தார்கள். அவளுக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் மேலாளர் காய்ச்சலென்று லீவு போட்டார். டாக்டர் சீட்டு என்று நினைத்து அவர் குரூப்பில் போட்ட லிங்கின் கீழே, குற்றால அருவியில் எண்ணெய்த் தலையோடு அவர் சிரிக்கும் படம் விரிந்தது. முதலாளியும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார்.

"உடனே மூடும்மா!" என்று மேலாளர் செண்பகவல்லியிடம் போனில் அலறினார்.

"யாரும் மூடக் கூடாதுன்னு உங்க உத்தரவுங்க சார். படம் விரியறதும் மூடறதும் லிங்க் போட்டவங்க இஷ்டம்னு எல்லாருக்கும் பொதுவா மாத்தச் சொன்னீங்கன்னா, நீங்களே மூடிக்கலாமுங்க."

"மாத்து, மாத்து!"

மாற்றினாள். டிசைன்காரர்கள் கைதட்டினார்கள். மேலாளர் அவசரமாகப் படத்தை மூடினார். அதற்குள் முதலாளி கீழே எழுதியிருந்தார்: "காய்ச்சலோட அருவியில நிக்காதீங்க, ஜன்னி வந்துடும்."