நேர்வாசல் வீடு

“தாயி, என் வீட்டுல எல்லாம் இருக்குது. என் பொண்டாட்டிதான் இருக்க மாட்டேங்கறா.”

நாச்சிமுத்து இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா கண்ணீரா என்று நாம் ஏன் கேட்க வேண்டும்?

அவருக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கட்டடங்கள் கட்டிய இஞ்சினியர். மலையடிவாரத்து ஓட்டுக் குடிசையில் இருக்கும் தாயிக்கு முப்பத்தாறுதான். குருவிடம் வயதுச் சான்றிதழ் கேட்கிற ஆள் இல்லை அவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிடுவார்.

“எங்க போறாங்களாம்?”

“தாராபுரத்துக்கு. வெள்ளிக்கிழமை அவ தம்பி கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போறானாம். திரும்பி வர்ற பேச்சே இல்லீங்க.”

“சண்டையா?”

“சண்டை போட்டாத்தான் தேவலையே! வாடகை வீட்டுல, பத்துக்குப் பத்து ரூம்புல, இருபத்தெட்டு வருஷம் தினம் சண்டை. ஆனா பேச்சு இருந்துச்சு. சொந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாசம் ஆச்சு. ‘சோறு ஆச்சு’, ‘கதவைச் சாத்துங்க’. அவ்வளவுதான் தாயி.”

“வீட்டை வரைஞ்சு காட்டுங்க.”

நாச்சிமுத்து ஆசையாகக் குச்சியை எடுத்தார். இஞ்சினியரை வரையச் சொன்னால் பாதித் துக்கம் போய்விடும். மண்ணில் போட்ட கோடு ஒன்றுகூட வளையவில்லை.

“இது ஹால். முப்பதுக்குப் பதினெட்டு, உயரம் பதினாலு அடி. முன்வாசல், நடுவாசல், பின்வாசல் எல்லாம் ஒரே நூல். கேட்டுல நின்னா பின்னால கிணறு தெரியும்! குறுக்கேயும் கதவுக்கு எதிர்க்கதவு வெச்சிருக்கேன். ஹாலுக்கு மட்டும் ஆறு கதவு.”

“உங்க சம்சாரம் மயிலாத்தா எங்க உக்காருவாங்க?”

“இங்க, சோபாவுல.” நடு ஹாலில் குச்சியைக் குத்தினார்.

“சோபா போட்ட இடத்தைக் கேக்கலைங்க இஞ்சினியரே. அவங்க உக்கார்ற இடத்தைக் கேட்டேன்.”

நாச்சிமுத்து குச்சியை நடுவாசலுக்கு நகர்த்தினார். மறுபடி சோபாவுக்கே கொண்டுவந்தார்.

“போய்ப் பார்த்துட்டு வாங்க.”

மறுநாள் காலையிலேயே ஓடி வந்தார்.

“தாயி, மாடிப்படிக்குக் கீழ! பழைய சாமான் போட விட்ட சந்து. அஞ்சுக்கு நாலு. அங்க பாயை விரிச்சுட்டு கீரை ஆயறா, போன் பேசறா, மத்தியானம் தூக்கமும் அங்கதான்! அவ்வளவு பெரிய ஹாலை விட்டுட்டு... எனக்கு மானமே போகுது.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“‘சும்மா’ங்கறா.”

“வாயால கேட்டா அப்படித்தான் பதில் வரும். முதுகால கேளுங்க.”

“முதுகாலயா?”

தாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இனிமேல் அங்கே நின்றால் மாடுதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் மயிலாத்தாள் படிக்குக் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“என்னங்க, பாம்பு கீம்பு வந்துருச்சா?”

“இல்ல. நகரு.”

குனிந்தார். டம்! தலை இடித்தது. மயிலாத்தாள் பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

மண்டையைத் தேய்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார். முதுகு தானாக ‘அப்பாடா’ என்றது.

மேலே கையெட்டும் தூரத்தில் படியின் சரிவு. பக்கத்துச் சின்ன ஜன்னலில் கேட் தெரிந்தது, எதிரே அடுப்பில் பால் தெரிந்தது. யார் வந்தாலும் முன்பக்கம்தான் வர முடியும். அவர் முழங்கால் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஹாலைப் பார்த்தார். கதவு. அதற்கு எதிரே கதவு. சாய்ந்து உட்கார ஒரு மூலை கிடையாது. நடுவில் சோபா, பஸ் ஸ்டாண்டில் யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி மாதிரி கிடந்தது.

முப்பத்தைந்து வருஷமாக அவர் கட்டியது ஆபீஸ். ஜனங்கள் நேராக வந்து நேராகப் போகிற கட்டடம். ஐயோ, வீட்டையும் அப்படியே கட்டிவிட்டேனே!

“மயிலு, ஹால்ல உக்கார்ந்தா உனக்கு எப்படி இருக்குது?”

மொச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “முதுகுக்குப் பின்னால யாரோ வந்துட்டே இருக்கற மாதிரி இருக்குதுங்க. ஒரு வார்த்தை பேசினா மேல போய் முட்டிட்டு என் தலையிலேயே விழுகுது. நீங்க அந்தக் கோடியில. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க ஆசை ஆசையாக் கட்டின வீடு. எப்படிங்க சொல்றது?”

நாச்சிமுத்து ஒரு கை மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு கதவை அடைச்சா ரெண்டு மூலை கிடைக்கும். எதை அடைக்கட்டும்?”

“தெக்குக் கதவு.”

“அதெப்படி? கிழக்குக் கதவுதான்.”

“பார்த்தீங்களா, என்னைக் கேக்கறதே பேச்சுக்குத்தான்!”

வெள்ளிக்கிழமை காலை மயிலாத்தாளின் தம்பி பொங்கியண்ணன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ஹாலில் ஒருத்தரும் இல்லை.

“அக்கா! கிளம்பலையா?”

மாடிப்படிக்குக் கீழேதான் சத்தம்.

“தெக்குன்னா தெக்குத்தான்!”

“இஞ்சினியர் நானா, நீயா?”

அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காப்பி டம்ளர் வைக்கக்கூட இடம் இல்லை.

மயிலாத்தாள் புருஷனை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

“வாடா. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குது.”