தூக்கணாங்குருவிக்குக் கீழே வாசல் வந்த கதை

குருவியும் ஓணானும் பாம்பும் மனிதரைப் போலவே வாய்விட்டுப் பேசித் திரிந்த காலம் அது. அப்போது தூக்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. மற்ற குருவிகளைப் போல அதுவும் கிளைக் கவட்டில் கிண்ணம் மாதிரி ஒரு கூட்டைக் கட்டி, மேலே திறந்து போட்டுக் குடியிருந்தது.

அந்த இனத்தில் சடையன் என்றொரு குருவி. அவன் நாரை இழுத்து முடிச்சுப் போட்டால் யாராலும் அவிழ்க்க முடியாது. ஆனால் கட்டிய வீடு எதுவும் விளங்கவில்லை. முதல் கூட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவது கூட்டில் கொம்பேறிமூக்கன் பாம்பு புகுந்து மூன்று முட்டைகளையும் விழுங்கிவிட்டது. அவன் மனைவி நாச்சி இரண்டு நாள் இரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், "நேரம் காலம் பார்க்காமல் கட்டினால் இப்படித்தான். இந்தத் தடவை சோசியரைக் கேட்டுவிட்டு வாங்க" என்றாள்.

சோசியர் என்பது வேலியில் குடியிருந்த ஓணான். யார் எதைக் கேட்டாலும் முதலில் தலையை ஆட்டுவார். வந்தவர்களுக்கு அதிலேயே பாதி ஆறுதல் கிடைத்துவிடும்.

சடையன் போன நாள் ஆனி அமாவாசை, செவ்வாய்க்கிழமை. கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைக் காணிக்கையாக வைத்துவிட்டு, நாச்சி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால் இன்றைக்கே வேலையைத் தொடங்கியாக வேண்டும் என்றான்.

சோசியர் வெட்டுக்கிளியை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். சூரியனும் சந்திரனும் மிதுனத்தில் கூடியிருக்கிறார்கள், மிதுனம் காற்று ராசி, ஆகவே இன்று தொடங்கும் வீடு காற்றில்தான் நிற்க வேண்டும் என்றார். காற்றில் வீடு எப்படி நிற்கும் என்று சடையன் கேட்டான். நிற்காவிட்டால் தொங்கட்டும், அது கட்டுகிறவன் பாடு என்றார்.

அடுத்து வாசல். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் கூடாது. தெற்கு எமன் திசை, பேச்சே வேண்டாம். ஆனிக் காற்று மேற்கிலிருந்து வருவது, அங்கே வாசல் வைத்தால் காற்றின் முகத்திலேயே இடித்த மாதிரி. கிழக்கே சூரியனும் சந்திரனும் ஜோடியாக வரும் வழி, குறுக்கே நிற்கக் கூடாது. மேலே திறந்து வைத்தால், அமாவாசைக்கு இறங்கி வரும் முன்னோர்கள் நேராக வீட்டுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுவார்கள்.

"அப்படியானால் வாசலே வேண்டாமா, சோசியரே?"

ஓணான் வழக்கம்போல் முதலில் தலையை ஆட்டினார். "கீழே வைத்துக்கொள். கீழ்ப்பக்கத்தைப் பற்றி ஏட்டில் ஒன்றும் இல்லை."

சடையன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். கிணற்றோரத்துப் பனையின் ஓலை நுனியில் நாரை முடிந்து, தண்ணீருக்கு மேலே கூட்டைத் தொங்கவிட்டான். சுற்றிலும் மூடினான். அடியில் மட்டும் ஒரு நீளக் குழாய் வைத்துத் திறந்துவிட்டான். கிளிகளும் மைனாக்களும் அவன் இனத்து மஞ்சள் தலைக் குருவிகளும் வரிசையாக உட்கார்ந்து சிரித்தன. நாச்சி சிரிக்கவில்லை. கீழிருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதில் முட்டையிட்டால் நேரே கிணற்றுக்குள்தான் போகும். ஓரமாக ஒரு குழி வைத்து, குறுக்கே வரப்புக் கட்டிக் கொடுங்க" என்றாள். சடையன் கட்டிக் கொடுத்தான்.

முட்டையிட்ட ஐந்தாம் நாள் கொம்பேறிமூக்கன் வந்தான். நாச்சி உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தாள். சடையன் அடுத்த ஓலையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான். பாம்பு ஓலையில் இறங்கிக் கூட்டைத் தடவிப் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்று மரியாதையாகவே விசாரித்தான்.

சடையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சோசியர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கத் தொடங்கினான். "வடக்கே சூலம், அங்கே இல்லை. தெற்கே எமன்..."

பாம்பு வடக்கே போய்ப் பார்த்தான், தெற்கே வளைந்தான். மேற்கே தேடினான், கிழக்கே எட்டினான். மேலே ஏறினால் வழுவழுவென்ற நார்க்கூரை. "இன்னும் ஒரு பக்கம் இருக்குமே?" என்றான்.

சடையன் வாயைத் திறந்தான். அதற்குள் சுற்றிச் சுற்றிக் களைத்த பாம்பின் பிடி நழுவியது. கிணற்றில் தொப்பென்று சத்தம் கேட்டது. படியேறி ஈரத்தோடு வெளியே வந்த கொம்பேறிமூக்கன், வாசல் இல்லாத வீட்டை யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று முணுமுணுத்தபடி வயற்பக்கம் போய்விட்டான்.

அந்த வருஷம் நாச்சி இட்ட மூன்று முட்டையும் பொரிந்தன. சிரித்தவர்களில் அந்த மஞ்சள் தலைக் குருவிகள்தான் முதலில் வந்து நார் முடியக் கற்றுக்கொண்டன. கிளிகளுக்கும் மைனாக்களுக்கும் வெட்கம் விடவில்லை, பொந்திலேயே இருந்துவிட்டன. அந்த ஆனி அமாவாசையிலிருந்துதான் அந்த இனம் தூக்கணாங்குருவி என்று பெயர் வாங்கி, ஓலை நுனியில் வீட்டைத் தொங்கவிட்டு, அடியில் வாசல் வைத்து, தன் வீட்டுக்குள்ளேயே தலையை நிமிர்த்தி மேலே ஏறிப் போகிறது.