பதினாறு டிகிரியில் மேய்ந்த மெஷின்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும்! ஒரு கண் ஏற்கெனவே புரை விழுந்ததுதான். இருந்தாலும் நல்ல கண்ணையும் சேர்த்தே பந்தயம் வைக்கிறேன். இதற்கு மேல் சத்தியம் வேண்டுமென்றால் சூடம் நீங்கள்தான் வாங்கிவர வேண்டும்.

கீழப்பொட்டலூர் விளையாட்டுக் கழகத்தில் ஒன்பது நிர்வாகிகள். பந்தைக் காலால் தொட்டவர் ஒருவருமில்லை. ஆனால் தீர்மானம் போடுவதில் சூரர்கள். மினிட் நோட்டில் ஏறிய தீர்மானத்தை அடிக்கவோ திருத்தவோ கூடாது என்பது அங்கே சட்டம். 'தலைவர் கிழக்கு ஓர நாற்காலியில் அமர்வார்' என்று ஒரு தடவை எழுதிவிட்டார்கள். அந்த நாற்காலி உடைந்து அடுப்புக்குப் போய் ஆறு வருஷமாகிறது. தலைவர் குலசேகரம் இன்றைக்கும் அதே இடத்தில், தொடை நடுங்க, காற்றின் மேல் குந்தியபடிதான் கூட்டம் நடத்துகிறார்.

கனடாவில் பனிக்குள்ளே இருபது வருஷம் கிடந்த நம்மூர்க்காரர் தெய்வநாயகம், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெஷின் ஒன்றைக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு டின் ஆயில், ஒரு கடிதம். 'ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்சுக்கு வருவேன். அதற்குள் இந்த மெஷின் புல்லை வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே மேலப்பொட்டலூருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.'

மேலப்பொட்டலூர் என்றால் நம்மவர்களுக்கு எட்டிக்காய். செயலாளர் ஆவுடையப்பன் நேரே அந்த ஊர் டீக்கடைக்குப் போய், "மெஷின் உங்களுக்கு வந்துட்டா நான் மீசையை எடுத்துருதேன்வே!" என்று சவால் விட்டுவிட்டு வந்தார். அந்த மனுஷனுக்கென்று ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்த மீசைதான்.

புதன்கிழமை மெக்கானிக் அந்தோணிராசு வந்து டின்னைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது பனி விழுத ஊருக்கான ஆயிலு. பதினாறு டிகிரிக்குக் கீழ உள்ள இடத்துக்குன்னு டின்னுலயே போட்டிருக்கான். நம்மூரு வெயிலுக்கு இளகித் தண்ணியாப் போயி இன்ஜினு காலியாயிரும். நல்ல கெட்டி ஆயிலா வாங்கி ஊத்துங்க. ஆயிலும் இடத்துச் சூடும் தோதா இருக்கணும், அம்புட்டுதான். வாரம் ஒரு தடவையாவது புல்லுல ஓட்டுங்க, இல்லன்னா கெட்டுப்போகும்."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பாவம், அவனுக்கு வேறு வேலை இருந்தது.

"வேற ஆயில் வாங்க முடியாது," என்றார் குந்தியிருந்த தலைவர். "தெய்வநாயகம் தந்த ஆயிலையே நன்றியோட ஊத்துததுன்னு திங்கக்கிழமையே நோட்டுல ஏத்தியாச்சு."

"அப்ப மெஷினு சூட்டைத்தான் தணிக்கணும்," என்றார் துணைத்தலைவர் சங்கரநயினார். "சூட்டுக்கு விளக்கெண்ணெய். தொப்புள்ல ஒரு சொட்டு வச்சா போதும்."

"யாரு தொப்புள்ல?"

"மெஷினு தொப்புள்லதான்வே! உம்ம தொப்புள்ல வச்சா அதுக்கு எப்படிக் குளிரும்?"

மெஷினைப் படுக்கவைத்து ஒரு மணிநேரம் தொப்புள் தேடினார்கள். அடியில் ஒரு திருகாணி கிடைத்தது. அதைக் கழற்றியதும் உள்ளே கிடந்த பழைய ஆயில் கருகருவென்று ஜமுக்காளத்தில் கொட்டியது. "பாத்தீரா, சூடு இறங்குது!" என்று சங்கரநயினார் பூரித்துப்போனார். திருகாணியை மாட்டி, மேலே விளக்கெண்ணெய் தடவி, ஸ்டியரிங் இடுக்கில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் முப்பத்தொன்பது.

ஆவுடையப்பன் மீசையைத் தடவியபடி யோசித்தார். "ஆயிலும் இடமும் தோதா இருக்கணும்னுதான அவன் சொன்னான்? ஆயிலை மாத்தக்கூடாது. இடத்தை மாத்தக்கூடாதுன்னு நோட்டுல இருக்கா?"

இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டார்கள்.

"கொடைக்கானலுக்குக் கொண்டுபோவமா?"

"அங்க இருக்கது அவன் புல்லுல்லா. அதை வெட்டி நமக்கு என்னவே?"

கடைசியில் கழகத்துச் சீட்டாட்ட அறை ஞாபகம் வந்தது. அங்கே ஏசி உண்டு. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனால் பதினாறில்தான் நிற்கும். கை தட்டினார்கள். மெஷினை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, அறை குளிர்ந்ததும் கனடா ஆயிலை ஊற்றினார்கள். சாவியைத் திருப்பியதும் தடதடவென்று ஓடியது.

குறை ஒன்றுதான். சீட்டாட்ட அறையில் புல் இல்லை.

'மெஷின் புல்லிடம் போக இயலாததால், புல் மெஷினிடம் வருவது' என்று தீர்மானம் ஏறியது.

"அருவாளை எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார் தலைவர்.

"கெடுத்தீரே காரியத்தை!" என்று பாய்ந்தார் ஆவுடையப்பன். "அருவா வெட்டினா அது அருவா வெட்டின புல்லு. மெஷினு வெட்டினதா ஆகுமா? எம் மீசை போயிரும். வேரோட பிடுங்கும்!"

மூன்று நாள், உச்சிவெயிலில், ஒன்பது பேரும் மைதானத்தில் குனிந்து புல் பிடுங்கிச் சாக்குச் சாக்காக அறைக்குள் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். ஆவுடையப்பன் குரங்குக் குல்லாவும் மப்ளரும் போட்டுக்கொண்டு மெஷின் மேல் ஏறிச் சீட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குளிர் வெளியே போய்விடுமென்று ஜன்னல் திறக்கவில்லை. மெஷின் விட்ட புகையில், அறையை விட்டு வந்தவர்கள் கரிமூட்டத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி இருமிக்கொண்டு வந்தார்கள். அறையில் விரித்திருந்த ஜமுக்காளமும் நூல் நூலாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெய்வநாயகம் காரை விட்டு இறங்கினார். மைதானம் மொட்டை போட்ட தலைபோலப் பளபளத்தது.

"வெட்டின புல்லு எங்க?"

அறைக்கதவைத் திறந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் பச்சைத்தூள். நடுவே மெஷின். அதன் மேல் மப்ளரோடு ஆவுடையப்பன், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மீசையில். நடந்ததையெல்லாம் சொன்னார்கள். தெய்வநாயகம் குனிந்து ஒரு பிடி தூளை அள்ளிப் பார்த்தார். ஆவுடையப்பனின் மீசை நுனி துடித்தது.

"இருவது வருஷமா அங்க வெட்டுதேன்," என்றார் தெய்வநாயகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெஷின்தான் புல்லைத் தேடி நாயா அலையும். புல்லு மெஷினைத் தேடி வார ஊரு நம்ம ஊருதான்வே! மெஷின் உங்களுக்குத்தான்."

அவரும் கீழப்பொட்டலூரில் பிறந்தவர் என்று முதலிலேயே சொன்னேனே.

மேட்சில் எழும்பிய புழுதியில் பந்து எங்கே, ஆள் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு அணியும் ஜெயித்ததாகத் தீர்மானம் போட்டார்கள்.

அடுத்த வாரம்தான் சங்கடம். வாரம் ஒரு தடவை புல்லில் ஓட்ட வேண்டுமே! வேரோடு பிடுங்கிய மைதானத்தில் மருந்துக்கும் புல் இல்லை. மேலப்பொட்டலூர் மைதானத்திலோ கோரையும் நெருஞ்சியும் ஆளுயரம். சனிக்கிழமைதோறும் ஒன்பது பேரும் சாக்கோடு போய்த் திருட்டுத்தனமாகப் பிடுங்க ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ச் செயலாளர் இசக்கியப்பன் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, நல்லாப் பிடுங்குங்க," என்றார். "அந்தக் கோல்போஸ்ட் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க." எல்லாருக்கும் டீ வேறு சொன்னார்.

மூட்டையைத் தலையில் சுமந்து திரும்பும்போது ஆவுடையப்பன் மீசையை முறுக்கிவிட்டார். "பாத்தீங்களாவே? டீயும் தந்து புல்லும் தாரான். மெஷின் இல்லாதவன் பொழப்பைப் பாரு!"

இதை வெளியே யாரும் சொல்லக்கூடாதென்றும் நோட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அதன் கீழே ஒன்பது கையெழுத்து. ஆறாவது கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னது நான்தான் என்று எவனிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நான் கிளம்புகிறேன். நாளைக்குச் சனிக்கிழமை; சாக்கு ஒன்று கிழிந்து கிடக்கிறது, தைக்கணும்.