குடத்துத் தண்ணீரைக் குடிக்காத வயல்

அநியாயம் நடந்தது காத்தாயிக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுக்கதையில் யாரும் "அண்ணன்காரன் பாவம்" என்று மூக்கை உறிஞ்சக் கூடாது. அவள் அப்பன் சாகும்போது "ரெண்டு பிள்ளைக்கும் சரிபாதி" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் செத்தான். அண்ணன் உத்திராபதி அதே வாயில் வாய்க்கரிசி போட்ட ஈரக் கையோடு தங்கச்சியின் பாதியையும் அள்ளிக்கொண்டான். எப்படி அள்ளினான்? அதுதான் கதை.

ஒரு காலத்திலே, கடல் கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலே, உப்பங்கரை என்று ஒரு ஊர் இருந்ததாம். அப்பன் விட்டுப் போனது ரெண்டு துண்டு. மேட்டிலே செம்மணல் கலந்த ஒரு துண்டு, கடலோரப் பள்ளத்திலே ஒரு துண்டு. அந்த ஊரிலே ஒரு வழக்கம். பாகம் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரியவர்கள் வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் அது நிலம். இறங்கவில்லையென்றால் அது நிலமில்லை, வெறும் இடம். பாகத்தில் சேராது. குடத்தின்மேல் கை வைத்து எவனாவது பொய் சொன்னால் அவன் பாகமே பறிபோய்விடும். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்கிறீர்கள்? மேட்டில் வயல் வைத்திருந்தவர்கள்தான், வேறு யார்!

மேட்டு வயலில் ஊற்றினார்களாம். மடக் மடக்கென்று குடித்துவிட்டதாம். பள்ளத்தில் ஊற்றினார்களாம். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாம். பெரியவர்கள் வெற்றிலையைத் துப்பினார்கள், இன்னொன்று போட்டார்கள், அதையும் துப்பினார்கள். தண்ணீர் அசையவில்லை.

உத்திராபதி குடத்தின்மேல் கை வைத்தான். "இது நெலமே இல்ல. செத்த சேறு. முட்ட அழுகுன மாதிரி நாத்தம், கோடையில உப்புப் பூக்குது. மேட்டு வயல் ஒண்ணுதான் நெலம், அதைத் துண்டு போட்டா ரெண்டு பேருக்கும் ஆகாது, மூத்தவன் நான் வச்சுக்கறேன். தங்கச்சி பாவம், இந்த இடத்துல குடிசை போட்டுக்கட்டும்" என்றானாம்.

"அண்ணே, அப்பா சரிபாதின்னாரே?"

"சரிபாதிதான் புள்ள. நெலம் எனக்கு, இடம் ஒனக்கு."

பெரியவர்கள் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு எழுந்து போனார்களாம்.

அப்புறம் காத்தாயி பள்ளத்தில் குடிசை போட்டாள். அழுதாளா? அழுதாள். அழுதுகொண்டே வேலை பார்த்தாள். முதல் வருஷம் ஊரார் விதைக்கிற நெல்லையே விதைத்தாள், மழை வந்து தேங்கிற்று, பயிர் மூச்சு முட்டி அழுகிற்று. ரெண்டாம் வருஷம், தண்ணீரை வடியவிடலாம் என்று கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினாள், பௌர்ணமி ஓதத்தில் கடல் அந்த வாய்க்கால் வழியாகவே விருந்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் மணலைக் கூடை கூடையாய்ச் சுமந்து மேடாக்கினாள், சேறு அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் கிடந்தது. உத்திராபதி மேட்டில் நின்று, "என்ன தங்கச்சி, இன்னிக்கு என்ன சாப்பாடு போட்ட அதுக்கு?" என்று கேட்பானாம்.

பசி தாங்காமல் அவள் ஒரு நாள் நண்டு பிடிக்க வளைக்குள் கையை விட்டாள். உள்ளேயிருந்து ஒரு நண்டு, "ஏ காத்தாயி, கைய எடு! என்னைச் சுட்டுத் தின்னா ஒரு வேளைக்குத்தான் ஆவேன். விட்டுட்டா ஒரு சேதி சொல்றேன்" என்றதாம்.

"சேதியத் தின்னு வயிறு ரொம்புமா?"

"சொல்றதக் கேளு. மூணு வருஷமா நீ தண்ணிய வெளிய ஏத்தப் பாக்குற. காத்தை உள்ள எறக்கலாம்னு ஒரு நாளாவது நெனச்சியா?"

காத்தாயி கையை வெளியே எடுத்தாள். நண்டு, "என் வளை ஓரத்து மண்ணப் புட்டுப் பாரு" என்றது. பிட்டுப் பார்த்தாள். அட, என்ன மண் அது! மேலே எருமைத்தோல் போலக் கறுப்பு. ஒரு முழம் கீழே அடுப்புச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்ளே, வளையைச் சுற்றி மட்டும், குங்குமத்தைக் குழைத்து வளையம் போட்டது மாதிரி சிவப்பு. பக்கத்தில் பழைய வேர் போன தடமெல்லாம் சிவப்பு நூல் நூலாக ஓடிற்று.

"இங்க மட்டும் ஏன் செவந்திருக்கு?"

"மண்ணுக்குள்ள இரும்பு இருக்கு புள்ள. காத்துப் பட்ட எடத்துல துருப் பிடிக்குது. வளை வழியா என்னோட காத்து எறங்குது. வேர் வழியா எதோட காத்து எறங்கிச்சுன்னு பாத்துக்க."

அவள் அந்தச் சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டே போனாள். அது ஓரத்தில் கோரைக்கு நடுவே தானாக முளைத்து நின்ற ஒரு காட்டு நெல்லின் வேரில் போய் முடிந்தது. ஆள் உயரம், நீள மீசை, சிவப்பு அரிசி. குருவிக்கென்று ஊரார் ஒதுக்கியது. தண்டைக் கிள்ளிப் பார்த்தாள், உள்ளே குழல் மாதிரி வெறும் கூடு. மேலே மூச்சு வாங்கி, கூடு வழியாக வேருக்குக் கொண்டுபோகிற பயிர்! தண்ணீரில் நின்றாலும் அதற்கு மூச்சு முட்டாது.

காத்தாயிக்கு அன்றைக்குத்தான் தன் வயலைப் பார்த்துக் கோபம் போயிற்று. இது குடிக்காத மண் இல்லை, ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மண். சாப்பிட்டு முடித்தவனுக்குப் பந்தி போட்டு, இவன் வாய் திறக்கவில்லை, செத்துவிட்டான் என்றால் எப்படி?

அப்புறம் அவள் கடல் பக்க வாய்க்காலை அடைத்து மதகு வைத்தாள். அந்தக் களிமண்ணாலேயே வரப்புப் போட்டாள், ஒரு சொட்டு கசியவில்லை. முதல் மழை கோடை உப்பைக் கரைக்கும், அந்தத் தண்ணீரை மதகு திறந்து போகவிட்டாள். அடுத்த மழையைப் பிடித்து வைத்தாள். காட்டு நெல்லை நட்டாள். அது கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தது. அறுத்தாள், நட்டாள், அறுத்தாள். கோரையை வெட்டிப் பாய் முடைந்தாள். நண்டுக்கு ஒரு மூலையை எழுதாத பட்டாவாக விட்டுவிட்டாள்.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தது, மறுவருஷம் பொய்த்தது, அதற்கு மறுவருஷமும் பொய்த்தது. குடித்த தண்ணீரையெல்லாம் மேட்டு வயல் எங்கே வைத்தது? எங்கேயோ பாதாளத்தில் தொலைத்துவிட்டது. உத்திராபதியின் வயலில் ஓணான்கூட நிழல் தேடி ஓடிற்று. பள்ளத்தில் மட்டும் பச்சை.

அவன் நேரே ராசாவிடம் ஓடினானாம். "மவராசா, அப்பன் சொத்து ஒண்ணு இன்னும் பாகம் பிரிக்காமக் கெடக்கு. என் தங்கச்சி ஒத்தையா அனுபவிக்கிறா. எனக்குப் பாதி வாங்கித் தரணும்."

ராசா குதிரையில் வந்தார். நாக்கு வறண்டு வந்தார். காத்தாயி வரப்பு ஓரத்தில் முழங்கை ஆழம் கையாலேயே தோண்டினாள். சாம்பல் மண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்தது, தெளிந்தது. குதிரை குடித்தது, ராசாவும் குடித்தார். லேசாக உப்புக் கரித்தது, ஆனாலும் இன்னொரு கை அள்ளினார். "ஊரே காஞ்சு கெடக்கு, இது எப்படி புள்ள?" என்றார்.

"இது வாங்குனத விடாத மண்ணு, ராசா."

உத்திராபதி குறுக்கே பாய்ந்தான். "பாத்தீங்களா! இவ்வளவு நல்ல வயலு! பாதி என்னுது!"

காத்தாயி ஊர்க் குடத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "கைய வச்சு சொல்லு அண்ணே. இது நெலமா, இல்லியா?"

அவன் குடத்தைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான், ராசாவைப் பார்த்தான். "அது... நெலம் இல்லதான்" என்றான்.

"நெலம் இல்லேன்னா பாகத்துல சேராது. வீட்டுக்குப் போ."

"இல்ல இல்ல, நெலம் மாதிரி!"

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாதிரிக்கெல்லாம் பாகம் கெடையாதுப்பா. ஒண்ணச் சொல்லு."

காற்றில் கதிர் சலசலவென்று ஆடிற்று. அத்தனை கதிரையும் பார்த்ததும் அவனுக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. ரெண்டு கையையும் குடத்தின்மேல் வைத்து, "நெலம்! நெலம்! சத்தியமா நெலம்!" என்று கத்தினானாம்.

"அப்ப அன்னிக்கு இதே குடத்துமேல கை வச்சு இல்லேன்னது?" என்றாள் காத்தாயி.

அவன் குடத்திலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அன்றைக்கு வெற்றிலை மென்ற பெரியவர்கள் இன்றைக்கும் அங்கேதான் நின்றார்கள், ஒருவராலும் ராசா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராசா, "குடத்துமேல பொய் சொன்னவன் பாகம் என்ன ஆகும்?" என்று கேட்டார். "பறிபோகும்" என்று அவர்களே முனகவேண்டி வந்தது. மேடும் காத்தாயிக்கு, பள்ளமும் காத்தாயிக்கு. அத்தோடு விட்டாரா ராசா? இனி இந்த ஊரில் குடம் ஊற்றி நிலம் பார்க்கிற வேலையே வேண்டாம், உழுதவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

எல்லோரும் கலைந்த பிறகு உத்திராபதி வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தானாம். தின்பதற்கு ஒன்றும் இல்லை, போவதற்கு இடமும் இல்லை. "தங்கச்சி, நான் இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டானாம்.

அவள் கோரைக்கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "விடிஞ்சா அறுப்பு. கூலிக்கு வா, எல்லாருக்கும் குடுக்கறத ஒனக்கும் குடுக்கறேன். செருப்பக் கரையில விட்டுட்டு எறங்கு, மூலையில நண்டு வளை இருக்கு, மிதிக்காத. சேறு காலப் பிடிச்சா உதறாத அண்ணே, உதறுனா இன்னும் உள்ள இழுக்கும். சும்மா நில்லு, அதுவா விடும்."