ஹோல்டில் பத்தொன்பது நிமிடம்

திருவேங்கடத்துக்கு அலுத்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, லண்டன் பக்கம் எங்கோ குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் பழுதான வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குவதுதான் வேலை. திட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டு வாராவாரம் போடும் மதிப்பெண் தாளில் ‘பொறுமை’ என்ற கட்டத்தில் மூன்று வாரமாக அவருக்கு முட்டை. நாலாவது முட்டை விழுந்தால் ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மில்லை மூடிய பிறகு கோயம்புத்தூரில் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை இது.

அந்தக் கால் சென்டரில் ஆங்கிலம் சொல்லித்தரும் மெர்லினுக்கு இருபத்தெட்டு வயது. காலையிலிருந்து மூன்று வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டியிருந்தது. அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து திருவேங்கடம் ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

“மிஸ், பொறுமைக்கு இங்கிலீஷ்ல பதினோரு வார்த்தை எழுதி வெச்சிருக்கேனுங்க. பேஷன்ஸ், எண்டியூரன்ஸ், டாலரன்ஸ், பேர் வித் மீ... இதுல எதைச் சொன்னா மார்க் போடுவாங்க?”

அவள் நோட்டைப் படித்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.”

“அப்புறம் ஏனுங்க முட்டை?”

மெர்லின் டிபன் பாக்ஸை மூடினாள். கம்ப்யூட்டரில் அவருடைய நேற்றைய அழைப்பைத் தேடி எடுத்து, ஹெட்செட்டை அவரிடம் நீட்டினாள்.

ஒருவரை ஹோல்டில் போட்டால் அவருக்கு இசை கேட்கும், நமக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் அந்தப் பக்கத்துச் சத்தம் பதிவாகிக்கொண்டேதான் இருக்கும். அதை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

திருவேங்கடம் கேட்டார். ஒரு ஆண் இருமினார். “இதோ சொல்லிடுவாங்க, கையை இப்படிக் கொடு” என்று ஒரு வயதான பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். நாற்காலி நகர்ந்தது. மறுபடி இருமல்.

“இதை வேகமா ஓட்டி விட்டுரலாமுங்களா மிஸ்?”

“அந்தம்மாவால ஓட்ட முடியலையே சார்.”

அவர் உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் “குளிருதா? இன்னொரு போர்வை போத்திக்கோ” என்றாள் அந்தம்மா. பதினாலாவது நிமிடத்தில், திரும்பத் திரும்ப ஓடிய அதே இசையோடு சேர்ந்து அந்தம்மா மெதுவாக முணுமுணுத்தாள். புருஷனைத் தூங்கவைக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தபோது திருவேங்கடத்துக்கு வெட்கமாக இருந்தது.

பத்தொன்பதாவது நிமிடத்தில் அவருடைய குரலே வந்தது. பேஷன்ஸ் வந்தது, எண்டியூரன்ஸ் வந்தது. பிசிறில்லாத ஆங்கிலம்.

மெர்லின் பதிவை நிறுத்தினாள். “மெக்கானிக் எப்ப வருவார்னு விசாரிக்கத்தானே ஹோல்டுல போட்டீங்க? பதில் எப்ப வந்துச்சு?”

“நாலாவது நிமிஷமே வந்துருச்சுங்க. கிளம்பிட்டாருன்னு.”

“மீதி பதினஞ்சு நிமிஷம்?”

திருவேங்கடம் நோட்டைப் பார்த்தார். “காக்க வெச்சதுக்கு என்ன வார்த்தை சொன்னா மரியாதையா இருக்கும்னு தேடிட்டு இருந்தேனுங்க.”

மெர்லின் நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

“இன்னைக்கு நான் எந்த வார்த்தைங்க மிஸ் சொல்லோணும்?”

“பதில் வந்த உடனே, மெக்கானிக் கிளம்பிட்டாருன்னு சொல்லுங்க சார். நோட்டு என்கிட்டயே இருக்கட்டும்.”