பெற்றவள் தொடக்கூடாது

வாரிசில்லாத கொடுமலை ஜமீன்தார், ஏழைப் பங்காளியின் விதவை சிலம்பாயி பெற்ற பிள்ளையைத் தத்தெடுத்தார். அந்தக் குடும்பத்துச் சட்டப்படி தத்துப் பிள்ளை ராணி வயிற்றில் பிறந்ததாகவே கணக்கு. பெற்றவள் அதைத் தொடவே கூடாது. பிள்ளையைக் கொடுத்த நாலாம் நாள், பால் கட்டி நெஞ்சு கனக்க, சிலம்பாயி தாதி வேலை கேட்டுச் சபைக்கே வந்துவிட்டாள்.

"பெத்தவளுக்கு இங்கே என்னடி வேலை?" என்று சீறினார் ஜமீன்தார்.

"நானா பெத்தவ, மகாராஜா? அப்போ ராணியம்மா பெறலையா? நாளைக்கு உங்க தம்பி இதையே சொல்லி ஜமீனைக் கேப்பாரே!"

பக்கத்திலிருந்த தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜமீன்தாருக்கு முகம் வெளிறிப்போனது.

"இவ யாரோ எவளோ! தாதியா வச்சுக்கோங்க" என்றார் அவசரமாக.

சிலம்பாயி பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தினாள். நாக்கு நுனிவரை வந்த 'மகனே'யை விழுங்கிக்கொண்டு, "சின்ன மகாராஜாவுக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள்.